அழிய வேண்டிய பதிவு

பதினெட்டு வயது நிறையாத ஒருவர் பாலியல் குற்றம் புரிந்ததாக முடிவானாலும் அந்தப் பதிவு அவரை ஆயுள் முழுவதும் தொடரக் கூடாது என்பது, 2016 ஜனவரி 15 முதல் நடப்பிலுள்ள இளைஞர் நீதிச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாகும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 34ஆம் பிரிவும் இத்தகைய சிறாரை இளைஞர் நீதிச் சட்டத்தின்படியே நடத்தச் சொல்வதால், திருவண்ணாமலையில் பிடிபடும் பதினைந்து வயதுச் சிறுவனைக் காவல் நிலையத்தில் அடைத்து வைக்காமல், நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும்.

இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, குற்றம் உறுதியானாலும் வேலைக்கோ கல்விக்கோ அது தகுதிக்குறைவு ஆகாது. மேல்முறையீட்டுக் காலமோ விதிகள் குறிக்கும் காலமோ கழிந்ததும் ஆவணங்களை அழித்துவிட வேண்டும். 74ஆம் பிரிவு, அச்சிறாரின் அடையாளத்தைப் போலவே பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தையும் எவ்வகை ஊடகத்திலும் வெளியிடக் கூடாதெனத் தடுத்து, மீறுவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. கோயிலைச் சுற்றிய வீதிகளில் குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்து வாழும் இவ்வூரில், பள்ளியும் தெருவும் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டாலே பெயரும் தெரிந்துவிடும் என்பதால், இத்தடை இருவருக்குமே இன்றியமையாதது.

சிக்கல், பதினாறு வயது நிறைந்தோர்க்குரிய விலக்கில் இருக்கிறது. ஏழாண்டோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றத்தில், குழுமத்தின் முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் குழந்தைகள் நீதிமன்றம் ஒருவரை வயது வந்தவராகவே விசாரித்துக் குற்றவாளி எனக் கண்டால், அவருடைய பதிவு அழிக்கப்படுவதில்லை. அது எத்தனை ஆண்டு நிலைக்கும் என்று சட்டம் வரம்பு கூறவும் இல்லை. போக்சோ பதினெட்டுக்குக் கீழ் இசைவை ஏற்பதில்லையாதலால், பதினேழு வயதுச் சிறுவனின் காதலும் இந்த வலையில் சிக்கக்கூடும். வளரிளம் பருவத்தினரின் இத்தகைய உறவைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமன்று எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சுட்டிய பிறகும் இவ்விலக்கு திருத்தப்படாமல் நீடிப்பது வருத்தத்துக்குரியது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2018 செப்டம்பரில் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளத்தை, அமெரிக்கப் பதிவேடுகளைப் போல் பொதுமக்கள் பார்க்க முடியாது. காவல்துறையினர் மட்டுமே பார்க்கலாம். அமெரிக்காவின் 2006ஆம் ஆண்டுச் சட்டமோ, கடுங்குற்றம் புரிந்த பதினான்கு வயதினரையும் பதிவு செய்யச் சொல்கிறது. அந்த வழியில் செல்லாதிருக்க, சிறார் பெயர்கள் தரவுத்தளத்தில் இடம்பெறலாகாது என்பதையும் பதினாறுக்கு மேற்பட்டோர் பதிவுக்குரிய கால வரம்பையும் சட்டத்திலேயே எழுதுவது அவசியம்.

வழக்கில் சிக்கிய சிறாரின் பெற்றோர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்டுப் பெறலாம். குற்றம் நடந்த நாளில் வயது பதினெட்டுக்குக் கீழ் என்னும் வாதத்தை எந்த நீதிமன்றத்திலும், தீர்ப்புக்குப் பின்னரும்கூட எழுப்பலாம். பள்ளியின் பிறந்த தேதிச் சான்றே முதற்சான்றாகக் கொள்ளப்படும். பின்னாளில் நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை விசாரிக்கையில், முடிந்துபோன சிறார் வழக்கின் பதிவை வெளியிடுவதை 74ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு தடை செய்கிறது என எழுத்து மூலம் சுட்டிக்காட்டலாம்.