மூன்று கொடி பறந்த வீடு

திருட்டுச் சாமான் எந்த வீட்டு வழியாகக் கைமாறுகிறது என்று ஊருக்கே தெரியும். ஆனால் அந்த வாசற்படியில் போலீஸ் கால் வைக்க முடியாது. அப்போது என்ன செய்வீர்கள்? டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

எகிப்தில் லக்சோர் என்ற ஊர். அங்கே பிரிட்டன், பெல்ஜியம், ரஷ்யா மூன்றுக்கும் ஒரே தூதரக ஏஜென்ட், உள்ளூர்க்காரர் முஸ்தபா ஆகா அயாத். நைல் நதியில் படகில் வந்திறங்கும் வெள்ளைக்காரர்களுக்கு விருந்து வைப்பார். வீடோ பழைய கோயில் தூண்களுக்கு நடுவிலேயே. பக்கத்தொழில், புதையல் வியாபாரம். எது பக்கத்தொழில், எது முதல் தொழில் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அன்றைய எகிப்து பெயரளவுக்குத் துருக்கி சுல்தானுடையது. சுல்தான்கள் ஐரோப்பியர்களுக்கு எழுதிக்கொடுத்த பழைய உடன்படிக்கைகளின்படி, தூதரகத்து ஆளை உள்ளூர் அதிகாரி தொடக் கூடாது. அந்த நிழலில் அவரோடு ஒதுங்கியிருந்தது, ஆற்றின் எதிர்க்கரையில் குர்னா கிராமத்து அப்துல் ரசூல் குடும்பம்.

1870-களில் சந்தைக்கு ஒவ்வொன்றாக வந்த பாப்பிரஸ் சுருள்களில் பினெஜெம் என்ற பெயர் திரும்பத் திரும்பத் தென்பட்டது. சுமார் 3,000 ஆண்டுக்கு முந்தைய, 21-ஆம் வம்சத்துப் பெயர். தொல்பொருள் துறைத் தலைவராக வந்த காஸ்தோன் மாஸ்பெரோவுக்கு அதுவே போதும்: ஒரே வம்சத்துச் சாமான் இப்படித் தொடர்ந்து வருகிறதென்றால், எங்கோ ஒரு கல்லறையே முழுசாகச் சிக்கியிருக்கிறது. சார்லஸ் வில்பர் என்ற அமெரிக்கர் பணக்கார வாடிக்கையாளராக நடித்துத் துப்புக் கொடுத்தார். நூல் பிடித்துப் போனால் முஸ்தபா வீட்டு வாசல்.

அவரைத் தொட முடியாதே! 1881 வசந்தத்தில் மாஸ்பெரோ அவரை விட்டுவிட்டு, அகமது அப்துல் ரசூலைப் பிடித்து கேனாவுக்கு அனுப்பினார். அங்கே ஆளுநர் தாவூத் பாஷாவின் விசாரணை என்றால் அடிதான். ஊர்ப் பெரியவர்களோ இவரைப்போல யோக்கியர் உண்டா என்று சாட்சி சொன்னார்கள். அகமது வாய் திறக்கவில்லை. இரண்டு மாதத்தில் வெளியே விட்டார்கள்.

அடி வாங்கித் தராததைப் பங்குச் சண்டை வாங்கித் தந்தது. பட்ட பாட்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதாது, பாதி வேண்டும் என்றார் அகமது. ஏஜென்டின் கொடி தங்களைக் காக்காது என்பதும் குடும்பத்துக்கு இதற்குள் விளங்கிவிட்டது. ஜூன் 25 அன்று மூத்தவர் முகமது தாமே கேனாவுக்குப் போய் எல்லாவற்றையும் கக்கிவிட்டார்.

ஜூலை 6-ஆம் தேதி மாஸ்பெரோவின் உதவியாளர் எமில் புரூக்ஷ், முகமது காட்டிய குழிக்குள் கயிறு கட்டி இறங்கினார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் சவப்பெட்டி மேல் சவப்பெட்டி. இரண்டாம் ராம்செஸ், முதலாம் சேத்தி, மூன்றாம் துட்மோஸ் என்று பேரரசர்களே வரிசையாகக் கிடந்தார்கள்.

சில வருஷம் கழித்து லக்சோர் கோயிலை மண்ணெடுத்துத் துப்புரவாக்க மாஸ்பெரோ வந்தபோது, தூண்களுக்கு நடுவே முஸ்தபாவின் வீடு அப்படியே நின்றுகொண்டிருந்தது.