கருப்புக்கும் ஓர் எல்லை உண்டு

கரோல் பாகிலும் ஆர்.கே.புரத்திலும் காலம் தள்ளிய தில்லித் தமிழர்கள் பலர், பின்னாளில் துவாரகாவின் கூட்டுறவு வீட்டுச் சங்க அடுக்ககங்களுக்குக் குடிவந்தார்கள். கூடவே கருப்பு வெள்ளை ஆல்பங்களும் வந்தன. இன்று அந்தப் படங்களை ஸ்கேன் செய்து, வீட்டுப் பிரிண்டரிலோ செக்டர் மார்க்கெட்டில் இருக்கும் கடையிலோ பெரிதாகப் போட்டு மாட்டுகிறார்கள். மாட்டிய படத்தில் தாத்தாவின் கருப்புக் கோட்டு வெறும் மைத்திட்டாக நிற்கும். மடிப்பு இல்லை, பொத்தான் இல்லை. கணினித் திரையில் எல்லாம் தெரிந்ததே! அப்படியானால் ஸ்கேனைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரிண்டரை யாரும் அளந்து பார்க்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

இங்க்ஜெட் பிரிண்டர் மைத்துளிகளைத் தாளில் வைக்கிறது, அவ்வளவுதான். துளிகளின் அளவையும் நெருக்கத்தையும் கொண்டு நம் கண்தான் சாம்பல் நிறத்தை உண்டாக்கிக்கொள்கிறது. வெளிறிய இடங்களில் கருப்புத் துளிகள் தனித்தனியாகத் தெரிந்து உறுத்தும். எப்சன் 2005-இல் கொண்டுவந்த கே3 மைகளில் கருப்போடு இரண்டு சாம்பல் மைகளையும் சேர்த்தது இதனால்தான்.

முதலில் மையின் எல்லையைக் காண வேண்டும். வெறும் தாளில் தொடங்கி நூறு சதவீதம் வரை கருப்பு மையைப் படிப்படியாக ஏற்றி ஒரு பட்டை அச்சிடுகிறார்கள். பிரிண்டரின் தானியங்கித் திருத்தங்கள் இதில் குறுக்கிடக் கூடாது. குவாட்டோன் ரிப் போன்ற மென்பொருள்கள் ஒவ்வொரு மையையும் தனித்தனியே கட்டுப்படுத்த விடுகின்றன. மை நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு நாள் விட்டால் இன்னும் நல்லது, டென்சிட்டோமீட்டரால் கட்டம் கட்டமாக அடர்த்தியை அளக்க வேண்டும். அடர்த்தி 1 என்றால் பட்ட ஒளியில் பத்தில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. 2 என்றால் நூறில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் 1890-இல் ஒளிப்படத் தகட்டின் கருமையை இந்தக் கணக்கில்தான் வளைகோடாக வரைந்து காட்டினார்கள்.

ஒரு மேட் தாளில் 70 சதவீத மைக்கு 1.65, 80-க்கு 1.67, 90-க்கும் அதே 1.67, நூறுக்கு 1.64 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். கடைசி எண்ணைக் கவனியுங்கள். மை கூடியிருக்கிறது, கருமை குறைந்திருக்கிறது! தாளின் மேற்பூச்சு ஓரளவுக்குத்தான் மையைத் தாங்கும். ஊறிப்போன நிலத்தில் விட்ட தண்ணீர் ஓடிப் பரவுவதைப்போல, மிஞ்சிய மை பரவி, சீரில்லாமல் காய்ந்து, ஒளியைச் சிதறடிக்கிறது. ஆக, இந்தத் தாளுக்கு எல்லை 80. அதற்கு மேல் ஊற்றுவது காசுக்கும் கேடு, படத்துக்கும் கேடு. தாளை மாற்றினால் எல்லையும் மாறும். பளபளப்பான நல்ல தாள்கள் 2-க்கு மேலும் அடர்த்தி தரும்.

அடுத்தது நேர்ப்படுத்தல். எல்லையை வைத்துக்கொண்டு, 5 சதவீத இடைவெளியில் 21 கட்டங்கள் அச்சிட்டு, ஒவ்வொன்றின் ஒளிர்வையும் அளக்கிறார்கள். கண் உணரும் வெளிச்சத்தை நூறு மதிப்பெண்ணுக்குச் சொல்லும் அளவுகோல் ஒன்றை சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் 1976-இல் வகுத்தது. அதில் நம் கண்ணின் விநோதம் ஒன்று பதிவாகியிருக்கிறது: பட்ட ஒளியில் சுமார் 18 சதவீதம் திரும்பினாலே கண் அதைப் பாதி வெளுப்பு என்று கொள்கிறது. தாளின் வெண்மை 96, ஆழ்ந்த கருப்பு 16 என்றால் நடுக்கட்டம் 56 காட்ட வேண்டும். அளந்தால் 44 வருகிறது என்று கொள்ளுங்கள். துளிகள் தாளில் பரவுவதால் இடைச்சாயல்கள் இருண்டுவிட்டன. கோட்டின் பொத்தானை விழுங்கியது இந்த இருட்டுதான். மென்பொருள் அந்தந்தக் கட்டத்தில் மையைக் குறைத்தோ கூட்டியோ ஒரு வளைகோடு போடுகிறது. மறுபடி அச்சிட்டு அளந்தால், கட்டத்துக்குக் கட்டம் சுமார் 4 என்ற ஒரே சீரில் இறங்க வேண்டும். என் கணிப்பில், விலையுயர்ந்த தாளும் புதிய பிரிண்டரும் தராத தெளிவை இந்தச் சிறு வேலை தந்துவிடும்.

தில்லியில் இதை ஒருமுறை செய்துவிட்டு மறந்துவிட முடியாது. மே மாதத்தின் அனல் காற்றில் தாள் வறண்டு கிடக்கும். ஆகஸ்ட் மழையில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மை பரவும் விதமும் அதற்கேற்ப மாறும். பருவம் மாறும்போது பட்டையை மறுபடி அச்சிட்டுப் பார்ப்பதே முறை.

துவாரகாவிலிருந்து நீலத்தட மெட்ரோவில் நகருக்குள் போனால், பூசா பக்கம் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. ஒளிச்செறிவு உட்பட நாட்டின் அளவுத் தரங்களைக் காக்கும் இடம் அது. அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன், ஆய்வகத்தின் முன்னுள்ள சாலைக்கும் அவர் பெயர்தான். ஒளியை அளப்பதில் இந்த ஊருக்கு அப்படியொரு பாரம்பரியம் இருக்கும்போது, வீட்டுப் படங்களைக் குத்துமதிப்பில் அச்சிடுவது வருத்தமாகத்தான் இருக்கிறது.

பழைய படத்தைப் பெரிதாக்கக் கொடுக்கும்முன், நீங்கள் தேர்ந்த தாளுக்கு அளந்து போட்ட வளைகோடு இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இல்லையென்றால் அதே தாளில் 21 கட்டப் பட்டை ஒன்றை அச்சிட்டுத் தரச் சொல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். கருப்புப் பக்கத்தின் கடைசி மூன்று கட்டங்களும் தனித்தனியாகத் தெரிந்தால் மட்டும் படத்தைக் கொடுங்கள்.