கதைவழி விளையாட்டும் பின்னூட்டமும்

அரங்கேற்றம் என்னும் சொல்லை இன்று நாம் பெரும்பாலும் நடன மேடையோடு சேர்த்தே வழங்குகிறோம். முன்னாளில் அது நூலுக்கும் உரியதாக இருந்தது. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் கேட்க அரங்கேறியது என்று, பனம்பாரனார் இயற்றிய அந்நூலின் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. கற்றோர் அவையில் நூலைப் படித்துக்காட்டி, எழும் வினாக்களுக்கு விடை கூறி, குறையிருப்பின் களைந்த பின்னரே அது பிறர் கைக்குச் சென்றது. ஆக்கியவர் கண்ணுக்குத் தப்பும் பிழை கேட்பவர் காதுக்குத் தப்பாது என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். கணினியிலும் அலைபேசியிலும் கதை சொல்லும் விளையாட்டுகளை உருவாக்குவோர் இன்று இதே முறையை வேறு பெயரில் கையாளுகின்றனர். அதனைப் பின்னூட்டம் என்கிறோம்.

புதினத்தைப் படிப்பவர் சலிப்பூட்டும் பக்கத்தைத் தாண்டிச் சென்றுவிடலாம். கதைவழி விளையாட்டில் அவ்வாறு தாண்ட இயலாது. பூட்டிய கதவைத் திறக்கும் வழி தெரியாவிட்டால், அக்கதவுக்கு அப்பால் உள்ள கதை முழுவதும் அவருக்கு இல்லாமற்போகும். ஆகவே, ஓரிடத்தில் நேரும் சிறு குழப்பமும் இங்குப் பெரும் இழப்பாகிறது. பெருநிறுவனங்கள் சோதித்துப் பார்ப்பதற்கென்றே ஊதியம் தந்து ஆட்களை அமர்த்துகின்றன. நான்கைந்து பேர் சேர்ந்து கைப்பொருளைச் செலவிட்டு உருவாக்கும் தற்சார்புக் குழுக்களுக்கு நண்பர்களும், முன்பின் அறியாத விளையாடுவோருமே அவையத்தார்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளைச் சேர்ந்த மாணவர் நால்வர், கொரட்டூர் ஏரியைக் களமாகக் கொண்டு ஒரு மாயக்கதை விளையாட்டை உருவாக்குவதாகக் கொள்வோம். ஏரியின் சேற்றுக்கடியில் ஒரு சிற்றூர் உறங்குகிறது. அதன் காவல்தெய்வத்தை எழுப்ப ஒரு சிறுமி நீருக்குள் இறங்குகிறாள். அவள் கடக்கவேண்டிய தடைகளுள் ஒன்று குமிழித்தூம்பு. அதன் மேற்புறத்தில் உள்ள நீரோடித் துளை நீரையும், அடியில் உள்ள சேறோடித் துளை சேற்றையும் வெளியேற்றும் என்பதை நீங்கள் முன்பே படித்திருக்கிறீர்கள். சேறோடித் துளையைத் திறந்தால்தான் ஊரின் வாயில் புலப்படும். மாணவர்கள் இப்புதிரைப் பெரிதும் விரும்பி அமைக்கிறார்கள்.

பத்து நண்பர்களிடம் விளையாடக் கொடுக்கிறார்கள். அறுவர் தூம்பினருகே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் நீரோடித் துளையையே திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள், நீர் வடிகிறது, சேறு அப்படியே கிடக்கிறது. பின்னர்க் கருத்துக் கேட்டால் ஒருவர், “இது மிகக் கடினம், எடுத்துவிடுங்கள்” என்கிறார். மற்றொருவர், “அம்புக்குறி போட்டு வழிகாட்டுங்கள்” என்கிறார். மூன்றாமவர் அவ்விடத்தில் ஒரு சண்டைக்காட்சி இருந்தால் விறுவிறுப்பாக இருக்கும் என்கிறார். சொல்லும் மருந்து மூன்றானாலும், வலிக்கும் இடம் ஒன்றுதான்.

இங்கேதான் கூர்ந்து நோக்கவேண்டும். விளையாடியவர் தமக்கு எங்கே இடர்ப்பட்டது என்று கூறும்போது அதனை மறுப்பதற்கில்லை. அது அவர் பட்டறிவு. ஆனால், அதனை எவ்வாறு திருத்துவது என்று அவர் கூறுவது ஒரு கருத்து மட்டுமே. அவர் விளையாட்டின் ஒரு வழியை மட்டும் கண்டவர். ஆக்கியவரோ எல்லா வழிகளையும் அறிந்தவர். நோயை மட்டுமன்றி அதன் காரணத்தையும் ஆராயுமாறு வள்ளுவர் மருத்துவருக்குக் கூறிய முறை இங்கும் பொருந்தும். நம் மாணவர்கள் ஆராய்ந்தபோது காரணம் புதிரில் இல்லை. தூம்பின் இரு துளைகளைப் பற்றிச் சொல்லும் முதியவரை அவர்கள் கரையின் மறுகோடியில் நிறுத்தியிருந்தார்கள். நின்றுவிட்ட அறுவரும் அப்பக்கம் போகவே இல்லை. முதியவரைப் படித்துறைக்கு அழைத்து வந்தால் போதும்; புதிரை எடுக்கவும் வேண்டா, அம்புக்குறியும் வேண்டா.

உண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் காண்போம். புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் என்னும் சிறு குழு, ‘ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்’ என்ற விளையாட்டை 2020ஆம் ஆண்டு வெளியிட்டது. அசுரர்கள் கவர்ந்து சென்ற தம்பியை மீட்கப் புறப்படும் ராஜி என்னும் பெண்ணின் கதை அது. 2017இல் கிக்ஸ்டார்ட்டர் வாயிலாகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட முயன்று, குறித்த தொகையை எட்ட இயலாமற்போன குழு அது. அத்தகையோருக்கு ஒவ்வொரு பாராட்டும் ஒவ்வொரு குறையும் எத்தனை கனமாக இருந்திருக்கும்! கோட்டைகளும் ஓவியங்களும் அமைந்த அதன் காட்சியழகைப் பலரும் புகழ்ந்தனர். சண்டையிடும் முறையும் கதைமாந்தரின் குரல்நடிப்பும் அவ்வழகுக்கு ஈடாக இல்லை என்றும் கூறினர். குழுவினர் மீண்டும் உழைத்து, குரல்களையும் அசைவுகளையும் திருத்தி, இந்திக் குரலையும் சேர்த்து, மேம்படுத்திய பதிப்பொன்றைக் கொண்டுவந்தனர். அச்சேறிய நூலுக்கு இவ்வாய்ப்பு மறுபதிப்பில்தான் கிட்டும்.

எல்லாக் குறைகளும் இவ்வாறு திருத்தத்தக்கனவா என்ற ஐயம் எழலாம். டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பமொன்றின் கதை. இதில் மாயமில்லை, அசுரரில்லை. சிதைந்துபோன சமையற்குறிப்பேட்டைக் கொண்டு தாய் இட்லியும் புட்டும் சமைப்பதே புதிர். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் விளையாடி முடித்துவிடலாம். மிகக் குறுகியதாக இருக்கிறது என்பது அதன்மீது பலர் கூறிய குறை. ஆனால், ‘போதவில்லை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பந்தியில் பசியடங்காமல் எழுபவரும் அதைத்தான் சொல்வார். சுவையில் மயங்கி இன்னொரு கரண்டி கேட்பவரும் அதைத்தான் சொல்வார். ஒரு குடும்பத்தின் முப்பதாண்டு வாழ்வைச் சில உணவுகளில் அடக்குவதே அவ்விளையாட்டின் வடிவம். அதை நீட்டியிருந்தால் நீர்த்திருக்கும் என்றே தோன்றுகிறது. 2024இல் அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது அதற்குக் கிடைத்தது.

குறுகிய விளையாட்டுகளுக்கு வேறோர் இடரும் உண்டு. கணினி விளையாட்டுகள் மிகுதியாக விற்கும் ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையில், வாங்கிய பதினான்கு நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். விளையாட்டை முழுவதும் முடித்து, மனம் நெகிழ்ந்து, பணத்தையும் திரும்பப் பெற்றுக்கொள்ள இவ்விதி இடம் தருகிறது. அங்கு எழுதப்படும் ஒவ்வொரு கருத்தின் அருகிலும் அவர் விளையாடிய நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். பன்னிரண்டு நிமிடம் விளையாடியவர் ‘கதை விளங்கவில்லை’ என்றால் தொடக்கத்தைப் பார்க்கவேண்டும். ஆறு மணி நேரம் விளையாடியவர் அதையே சொன்னால் முடிவைப் பார்க்கவேண்டும். சொல் ஒன்றே, அது சுட்டும் இடம் வேறு.

கருத்தைக் கேட்கும் முறையும் கவனத்திற்குரியது. “நன்றாக இருக்கிறதா?” என்று கேட்டால் நண்பர் “நன்று” என்றே விடை தருவார், நட்பு அவரை வேறு சொல்ல விடாது. ஆகவே, அவர் விளையாடும்போது அருகில் வாளாவிருந்து பார்ப்பதே நல்லது. எங்கே கை தயங்கியது, எந்த உரையாடலைப் படிக்காமல் கடந்தார், எங்கே சிரித்தார் என்பவற்றை நேரத்தோடு ஏட்டில் குறிக்கவேண்டும். இடையில் உதவ நாக்குத் துடிக்கும்; அடக்குவது எளிதன்று. விளையாடி முடித்த பின், கதையைத் தம் சொற்களில் கூறுமாறு அவரிடம் கேட்கலாம். தெய்வம் ஏன் உறங்கியது? சிறுமி ஏன் திரும்பி வந்தாள்? ஒருவர் கோபத்தால் என்றும் மற்றொருவர் அச்சத்தால் என்றும் விடை கூறினால், அவ்விரு விடைகளும் எந்தக் காட்சியில் பிரிந்தன என்று தேடி, நால்வரும் மீண்டும் கணினியின் முன் அமரவேண்டியதுதான்.