வெண்கட்டியால் ஒரு சொல்

ஒரே ஒரு சொல்லை வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்க உங்களால் முடியுமா, நேயர்களே?

சிட்னி நகரத்தில் ஒருவர் எழுதினார். பெயர் ஆர்தர் ஸ்டேஸ். குடியில் விழுந்து எழும்பிய மனிதர். தன் பெயரையே ஒழுங்காக எழுத வராது. 1932இல் ஒருநாள் தேவாலயத்தில் பிரசங்கம் கேட்டார். ‘Eternity’, அதாவது ‘நித்தியம்’ என்ற சொல் மனதைப் பிடித்துக்கொண்டது. வெளியே வந்தார், சட்டைப்பையில் கிடந்த வெண்கட்டியை எடுத்தார், குனிந்து நடைபாதையில் அந்த ஒற்றை ஆங்கிலச் சொல்லை எழுதினார். எழுத்தோ முத்து முத்தாக! எப்படி வந்ததென்று அவருக்கே விளங்கவில்லையாம்.

பிறகு தினமும் விடியமுன் எழும்பி, தெருத்தெருவாக அதே சொல்தான். நம்முடைய கல்லடிப் பாலத்தில் காலையில் நடக்கப் போகிறீர்கள். காலடியில் ஒவ்வொரு நாளும் ஒரே சொல் என்றால் எப்படியிருக்கும்? சிட்னிக்காரரும் அப்படித்தான் தலையைச் சொறிந்தார்கள். எழுதுகிறவர் யாரென்று ஊருக்குத் தெரியவரவே இருபது வருடத்துக்கு மேலானது. பொலிஸ் மறித்தால், மேலிடத்து அனுமதி தனக்கு உண்டென்பாராம். அது எந்த மேலிடம் என்று சொல்லவா வேண்டும்!

1967இல் அவர் காலமானார். 2000ஆம் ஆண்டு பிறந்த இரவில் சிட்னித் துறைமுகப் பாலத்தில் அதே சொல், அதே கையெழுத்தில், விளக்குகளாய் எரிந்தது.