மலைச் சில்லைக்கு மூவர் பெயர்!

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் நெற்கதிர் பால் பிடிக்கும் பருவத்தில் வயலோரம் சற்று நின்று பாருங்கள். சிட்டுக்குருவியிலும் சிறிய பறவைகள் கூட்டமாக வந்து இறங்கும். தடித்த அலகால் உமியை நீக்கி மணியை மட்டும் விழுங்கும். இவையே சில்லைகள்.

இவற்றுக்கு மலையிலே ஓர் உறவினன் உண்டு. அதுதான் கருந்தொண்டைச் சில்லை. முகமும் தொண்டையும் கரியவை, முதுகு பழுப்பு. நீலகிரி, பழனி மலைகளில் காட்டோரப் புல்வெளிகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் அது வாழ்கின்றது.

கூண்டுப் பறவை வியாபாரிகள் சில்லைகளை ‘பிஞ்ச்’ என்பார்கள். அலகைப் பார்த்து வந்த மயக்கம் இது! விதை உண்ணும் பறவைக்கு அலகு தடிப்பது இயற்கை. ஆனால் உண்மைப் பிஞ்சுகளின் குடும்பம் வேறு, சில்லைகளின் குடும்பம் வேறு. சில்லைக்கு நெருங்கிய உறவு நம் தூக்கணாங்குருவிதான்.

பெயர் வந்த கதையும் சுவையானது. இலங்கையில் பிறந்த டாக்டர் கெலார்ட் 1860-ல் காலமானார். சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த ஜெர்டன், 1863-ல் இலங்கைச் சில்லைக்கு அவர் பெயரைச் சூட்டினார். 1872-ல் ஜெர்டனும் மறைந்தார். பின்னர், தென்னிந்திய மலைச் சில்லைக்கு ஜெர்டன் பெயரைச் சூட்டியவர் யார் தெரியுமா? 1885-ல் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம் துரைதான்! கிழக்கு மலைத் தொடரில் வாழும் மூன்றாவது வகை, அங்கு ஆராய்ச்சி நடத்தப் பொருள் உதவிய வெர்னேயின் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இலங்கைப் பறவையின் வயிற்றில் கறுப்பும் வெள்ளையுமாகச் செதில் கோலம். நம் மலைப் பறவைக்கோ இளஞ்சிவப்புக் கலந்த பழுப்பு வயிறு. ஆயினும் மூன்றையும் ஒரே இனத்தின் கிளைகளாகவே நிபுணர்கள் கொள்கின்றனர்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். ஒரு கிளை அடியோடு அழிந்தாலும், “இனம் பிழைத்திருக்கின்றது” என்றே ஏடு சொல்லும். ஆனால் அந்த மலைக்கு அந்தப் பறவை இல்லாமற் போனது போனதுதானே!

காட்டுச் சில்லைகளைப் பிடிப்பதும் விற்பதும், 1972-ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மலைச் சில்லைக்கு மட்டுமன்று, வெள்ளானூர் வயலில் நாலு நெல்மணி கொறிக்கும் சில்லைக்கும் அந்தக் காவல் உண்டு. கூண்டைக் காட்டி விலை பேச வருபவரிடம் “வேண்டாம்” என்று சொல்வது நம் கையில் இருக்கின்றது.