போர்ட் டிக்சன்: கடற்கரைக்குப் பின்னால் ஒரு தோட்டக் கதை

“இந்த வாரம் பிடி போலாமா?” நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விதான். ஆனால், போர்ட் டிக்சன் உல்லாசத்துக்காக உருவான ஊர் இல்லை.

ஊர் எப்படி வந்தது?

முன்பு இதன் பெயர் ‘ஆராங்’. மலாயில் ‘கரி’ என்று பொருள். பிரிட்டிஷ் ஆட்சியில் சர் ஜான் பிரெடரிக் டிக்சன் என்ற அதிகாரியின் பெயர் சூட்டப்பட்டது. 1891-இல் சிரம்பானிலிருந்து ரயில் பாதை வந்தது. ஈயமும், பிறகு தோட்டத்து ரப்பரும் இங்கிருந்துதான் கப்பல் ஏறின. அந்தப் பாதையில் இப்போது ரயில் ஓடுவதில்லை.

எங்கே போகலாம்?

தஞ்சோங் துவான்: சுற்றிலும் நெகிரி செம்பிலான். ஆனால், இந்த இடம் மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம்! 1863-இல் கட்டிய கலங்கரை விளக்கம் இங்கே உண்டு. மார்ச் மாதம் போனால், சுமத்ராவிலிருந்து கடல் தாண்டி வடக்கே திரும்பும் கழுகு இனப் பறவைகளைப் பார்க்கலாம்.

லுக்குட் கோட்டை: ஈய வணிகத்தைக் காக்க ராஜா ஜுமாட் 1847-இல் கட்டியது. பக்கத்திலேயே அருங்காட்சியகமும் இருக்கு.

நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

லின்சம், சுவா பெத்தோங், தானா மேரா என்று சுற்றிலும் தோட்டங்கள். அங்கே பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பிறகு செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, பல குடும்பங்கள் வெளியேறின. தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகையில் மட்டும் ‘தோட்டம்’ என்ற சொல் இன்னும் இருக்கு.

அடுத்த முறை பிடி போகும்போது தாத்தா பாட்டியையும் கூட்டிட்டுப் போங்க. வழியில், “நீங்க எந்தத் தோட்டம்?” என்று கேட்டுப் பாருங்க.