மல்லிகையைக் கத்தரித்தலும் பூப் பெருக்கமும்

என்றும் பசுமையாய் நின்று மணம் பரப்பும் மல்லிகை, சிறு வளவுக்கும் ஏற்ற செடியாகும். ஆயினும், நட்ட சில ஆண்டுகளில் இலை மண்டிப் பூக் குறைவதாகக் கமக்காரர் பலர் கூறுவர். செடியைக் கத்தரிக்காது விடுவதே இதற்குப் பெரும்பாலும் காரணமாகும். மல்லிகை புதுத் தளிர்களிலேயே அரும்பு கட்டும்.

நன்கு வெயில்படும், நீர் தேங்காத இடத்தைத் தெரிதல் வேண்டும். வயலை அடுத்த தாழ்நிலம் ஆகாது. அங்கு வேர் அழுகும். 1½ அடி நீள, அகல, ஆழமுள்ள குழிகளில் மேன்மண்ணும் உக்கிய மாட்டெருவும் இட்டு, வேரூன்றிய பதியன்களை 4 அடி இடைவெளியில் நடுக.

வளர்ந்த செடிகளை ஆண்டுக்கு ஒருமுறை கத்தரித்தல் வேண்டும். மாரிமழை ஓய்ந்தபின், சில நாள் நீர் பாய்ச்சாது விட்டு, நிலத்திலிருந்து 1½ அடி உயரத்தில் கிளைகளை வெட்டுக. உலர்ந்த கிளைகளையும் நோயுற்றவற்றையும் முற்றாக அகற்றுக. பின்னர் எருவிட்டு நீர் பாய்ச்சின் புதுத் தளிர்கள் தோன்றி அரும்பு கட்டும்.

துளையுள்ள அரும்புகளில் மொட்டுப்புழு இருத்தல் கூடும். அவற்றைக் கிள்ளி அழித்தல் வேண்டும். விற்பனைக்குரிய அரும்புகளை விரியுமுன் அதிகாலையிற் பறித்தல் நன்று.

கத்தரித்த செடி சில வாரம் மொட்டையாய்த் தோன்றும். அதுகண்டு கவலுதல் வேண்டா. அவ்வெட்டிலிருந்தே அவ்வாண்டின் பூக்கள் வரும்.